விராலிமலை வரைக்கும் வெறகு

எனக்கு எழுபத்தாறு வயசு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவ. எங்க ஊரு ஆவூரில் நடக்கிற என் கடைசிப் பேத்தி கல்யாண விருந்துக்குக் காட்டு வெறகை ஏலத்தில் எடுத்து டிராக்டரில் வந்தேன். வழியில் ஒரு வனக்காவலர் மறிச்சார். ஒல்லி உடம்பு, பெரிய தொப்பி. பேசுறதுக்கு முன்னால தொப்பியைக் கழட்டி உள்ளே பார்ப்பார், பதில் அங்கே இருக்கிற மாதிரி.

“ஆத்தா, பர்மிட்டு விராலிமலை வரைக்கும்தான். தாண்டி வந்துட்டீங்க. கேசு எழுதினா லோடு கோர்ட்டுக்குப் போயிரும்.”

ஆவூர் சின்ன ஊரு, வெளியாளுக்குத் தெரியாது; எந்த ஊருன்னு கேட்டா பக்கத்துல இருக்கிற விராலிமலைன்னு சொல்றது எங்க வழக்கம். பர்மிட்டு வாங்கின எடத்துலயும் அப்படியே சொல்லித் தொலைச்சிருந்தேன்.

“விடிஞ்சா விருந்து தம்பி. ஒங்க தொப்பியை எரிச்சுச் சோறாக்கச் சொல்றீங்களா?”

தொப்பிக்குள்ள பார்த்தார். “வண்டியை விராலிமலைக்கே திருப்புங்க. வெறகுக்குத்தான் எல்லை. வெந்த சோத்துக்கு இல்லை.”

அங்கேயே சமைச்சோம். மறுநாள் அண்டாக்களை ஏத்தி வந்தப்போ மறுபடியும் மறிச்சார். மூடியைத் திறந்து மோந்து பார்த்து, “வெறகு இல்லை, போங்க” என்றார். சிரிக்கவே இல்லை. என் மேல எரக்கப்பட்டாரா, சட்டத்தைத்தான் காப்பாத்தினாரா, இன்னும் எனக்குப் புரியலை.

ஏய் பேராண்டி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை வாசி பார்ப்போம். தொப்பியைப் பத்தி நான் கேட்டதை மட்டும் சத்தமா வாசி.