நிற்கும்போது நடுங்கிய கார்

எங்கள் தோட்டத்துப் பெரிய துரையின் கார் ஓடும்போது நடுங்காது. நிற்கும்போதுதான் நடுங்கும். மேட்டில் ஏறும்போதும் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதும் ஒழுங்காகப் போகும். பங்களா வாசலில் துரைசாணிக்காகக் காத்து நிற்கும்போது மட்டும் விளக்கு, கதவு, கண்ணாடி எல்லாம் சேர்ந்து கிடுகிடுவென்று ஆடும்.

அந்தக் காருக்கு டிரைவர் என் அம்மாவின் தம்பி. மாமா தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர், கவ்வாத்துக் கத்தி பிடித்து மலையில் தேயிலைச் செடி வெட்டியவர். பழைய டிரைவர் இந்தியாவுக்குப் போனபோது, கார் கழுவ ஓர் ஆள் வேண்டும் என்று துரை இவரைக் கூப்பிட்டார். கழுவப் போனவர் ஓட்டவும் பழகிக்கொண்டார். காக்கிச் சட்டையும் தொப்பியும் கிடைத்தன. அன்றிலிருந்து எங்கள் அம்மா, மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகும்போதுகூடக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார் என்று நினைக்கிறேன்.

அந்தக் காக்கிச் சட்டையை நம்பித்தான் மாமாவுக்குப் பெண்ணும் பேசி முடித்திருந்தார்கள். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவரின் மகள். கங்காணி லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

“கத்தி புடிக்கிற கைக்கு என் மகளக் குடுக்க மாட்டேன். சக்கரம் புடிக்கிற கைன்னுதான் வந்திருக்கேன். தையில வச்சுக்குவோம்.”

அம்மா தலையை ஆட்டிக்கொண்டே தேத்தண்ணி கொடுத்தார். மாமா வெளியே போய் நின்றுகொண்டார். அவருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. துரையை ஏற்றிக்கொண்டு டிக்கோயாவுக்குப் போனபோதெல்லாம் ரோட்டோரம் கொழுந்துக் கூடையோடு நின்றவளைப் பார்த்திருக்கிறார். இது எனக்கு அப்போது தெரியாது. அம்மா பிறகு சொன்னது.

காரின் நடுக்கத்தைப் பற்றி லயத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். நுவரெலியாக் குளிர் இரும்பையும் விடாது என்றார் ஒருவர். பங்களாவில் சமைக்கும் கோக்கி வாய் சும்மா இல்லாதவர். எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஏதாவது போட்டுவிட்டுத்தான் போவார்.

“என்ன டிரைவர் ஐயா, ஒங்க காருக்குக் குளிர் காய்ச்சல் இன்னும் விடலியா? சுக்கு மல்லி போட்டுக் காய்ச்சித் தரட்டா?”

“ஒன் கொழம்பக் குடிச்சுத்தான் அதுக்குக் காய்ச்சலே வந்துச்சு,” என்பார் மாமா.

ஆனால் ஒரு திங்கட்கிழமை மாமா சிரிக்காமல் வீட்டுக்கு வந்தார். துரையின் தாயார் சீமையிலிருந்து வருகிறாராம். சனிக்கிழமை நானுஓயா ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிவர வேண்டும். வயசான அம்மா, முதுகில் நோவு உள்ளவர். அன்றைக்கும் கார் இப்படி ஆடினால் அட்டனிலிருந்து வேறு டிரைவரை வரவழைத்துவிடுவேன், நீ மலைக்குத் திரும்பலாம் என்று துரை சொல்லிவிட்டாராம்.

“கார் ஆடினா நீ என்னடா செய்வ?” என்றார் அம்மா.

“அதத்தான் நானும் யோசிக்கிறேன்.”

அந்த வாரம் முழுவதும் மாமா காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பொறி விடும் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பழைய டயரிலிருந்து ரப்பர் துண்டுகள் வெட்டி என்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். பங்களாவுக்குப் பின்னால் இருந்த கார்க் கொட்டகைக்குத் தினமும் பத்து மணிக்கு நான் ரொட்டியும் சம்பலும் கொண்டுபோவேன். எனக்கு எட்டு வயது இருக்கும். கூச்சம் பிடித்த பிள்ளை. மாமா காருக்கு அடியிலிருந்து கையை மட்டும் நீட்டுவார். நான் ரொட்டியை அந்தக் கையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை அவர் என்னை ஓட விடவில்லை. கை கால் கழுவி நின்றுகொண்டிருந்தார். பின் சீட்டில் ஒரு சுத்தமான சாக்கை விரித்திருந்தார். கையில் ஒரு பித்தளைச் செம்பு, அதில் விளிம்பு வரைக்கும் தண்ணீர்.

“துரை மலைக்குப் போயிட்டாரு. இப்ப வரமாட்டாரு. ஏறி உக்காரு.”

“நானா மாமா?”

“பின்ன ஒங்கப்பனா? ஏறு புள்ள.”

ஏறினேன். துரைசாணி உட்காருகிற தோல் சீட்டு. சாக்கு இல்லாத ஓரத்தில் என் முழங்கால் பட்டது. அதுவே குற்றம் போலிருந்தது. மாமா செம்பை என் மடியில் வைத்தார்.

“எனக்கு ஒடம்பும் கண்ணும் பழகிப்போச்சு பாப்பா. ஆடுதா இல்லியான்னே தெரிய மாட்டேங்குது. தண்ணி பொய் சொல்லாது. மடியில வச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இரு. தளும்பினா தளும்புதுன்னு சொல்லு.”

முன்னால் போய், இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினார். கார் ஒரு உறுமல் உறுமிப் பிடித்துக்கொண்டது. மாமா ஓடிவந்து முன் சீட்டில் ஏறி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகினார். சத்தம் மெல்லக் குறைந்தது. குறையக் குறைய என் மடியில் தண்ணீர் வட்டம் வட்டமாக நெளிந்தது. பிறகு விளிம்பைத் தாண்டப் பார்த்தது.

எங்கள் பீலி லயத்துக்குக் கீழே, பள்ளத்தில். தண்ணீரைச் சுமந்துகொண்டு நாற்பது படிக்கு மேல் ஏற வேண்டும். பாதித் தண்ணீரோடு வந்து சேர்ந்தால் முதுகில் ஒன்று விழும். நடை தெரிந்த வயதிலிருந்து லயத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வித்தை வந்துவிடும். காலும் இடுப்பும் எப்படி ஆடினாலும் பாத்திரம் பிடித்த கை ஆடாது. அதனால் துரைசாணியின் சீட்டில் தண்ணீர் கொட்டப்போகிறது என்று தெரிந்ததும் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. செம்பை மடியிலிருந்து தூக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் அடங்கிவிட்டது.

“தளும்புதா?” மாமா திரும்பாமல் கேட்டார்.

“இல்ல மாமா.”

குமிழை இன்னும் கொஞ்சம் திருகினார். சீட்டு என் தொடையை உதறியது. பல் தட்டியது. நான் கையை இன்னும் இறுக்கமாக, உடம்பில் படாமல் முன்னால் நீட்டிப் பிடித்தேன்.

“இப்ப?”

“அசையவே இல்ல மாமா.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“ஒரு சொட்டுகூட இல்ல மாமா.”

மாமா காரை நிறுத்தினார். இறங்கி, என்னையும் இறக்கிவிட்டு, செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அத்தனை சந்தோஷமாக ஒருவர் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. அந்தக் குமிழை அவர் அந்தக் குறைந்த வேகத்திலேயே விட்டுவிட்டார்.

கார் ஏன் அப்படி ஆடுகிறது என்பது எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்துத்தான். என் மூத்த மருமகன் தலவாக்கலையில் ஒரு பட்டறையில் வேலை செய்தார். அவர் சொன்னார். என்ஜினுக்குள் நெருப்பு ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் ஒரு தட்டுத் தட்டுகிறது. வேகமாக ஓடும்போது தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி வருவதால் தெரிவதில்லை. நிறுத்தி வைத்து வேகத்தைக் குறைத்தால் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக விழுகிறது. ரொம்பக் குறைத்தால் ரொம்ப ஆடும். அந்தத் தட்டைச் சீட்டு வரைக்கும் வரவிடாமல் வாங்கிக்கொள்ளத்தான் என்ஜினுக்கு அடியில் ரப்பர் வைக்கிறார்கள். நல்ல ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும், டயர்த் துண்டு கல் மாதிரி, அது உதவாது என்றார். மருமகன் பேசிக்கொண்டே இருந்தார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் செய்திருக்க வேண்டிய வேலையை அன்றைக்கு இந்தக் கைகள் செய்துவிட்டிருந்தன.

சனிக்கிழமை நடந்ததைக் கோக்கி வந்து சொன்னார். சாமான் ஏற்ற அவரும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். வழக்கம்போல ஆரம்பித்தார்.

“டிரைவர் ஐயா மார நிமித்திக்கிட்டு, ‘நோ ஷேக் சார், நோ ஷேக்’ங்கிறாரு. கெழவியம்மா ஏறி உக்காந்துச்சு. சாமான் கட்டுற வரைக்கும் கார் நிக்குது. ஆடுது பாருங்க, முந்தி ஆடுனதெல்லாம் ஆட்டமே இல்ல! கெழவியம்மா தொப்பியில இருந்த எறகு தனியா ஆடுது. கெழவியம்மா முதுகப் புடிச்சுக்கிட்டு எறங்கிருச்சு. வேற வாடகைக் கார்லதான் பங்களாவுக்கு வந்துச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. கோக்கியும் நிறுத்திக்கொண்டார். “துரை இவரு தொப்பியக் கழட்டி வாங்கிட்டாருக்கா,” என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமைக் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் மாமா கவ்வாத்துக் கத்தியோடு வரிசையில் நின்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். முன்பெல்லாம் கார்க் கொட்டகையிலேயே படுத்துக்கொள்வார். இப்போது தினமும் வீட்டுக்கு வந்தார், எனக்கு வழியில் கொய்யாப்பழம் பறித்து வந்தார். அம்மா ஏன் அவருக்குச் சோறு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கார்த்திகை கடைசியில் டிக்கோயாவிலிருந்து ஆள் வந்தது. கங்காணி வீட்டில் தை மாதம் தோதுப்படாதாம். எந்த மாதம் தோதுப்படும் என்று அம்மாவும் கேட்கவில்லை, வந்தவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்புக்கு மிலாறு பொறுக்க மாமாவோடு மலைக்குப் போனேன். கவ்வாத்து வெட்டிய காய்ந்த குச்சிகளைத்தான் மிலாறு என்போம். குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

“பாப்பா, அன்னிக்குச் செம்பு மடியிலதான இருந்துச்சு?”

“இல்ல மாமா. கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டேன். சீட்டுல ஒரு சொட்டு விழ விடலியே!” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மாமா பொறுக்குவதை நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

“கை வலிச்சுச்சா?”

“ரொம்ப வலிச்சுச்சு மாமா.”

அவர் குச்சிகளைச் சேர்த்துக் கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பத்தடி நடந்த பிறகு சொன்னார்.

“இத ஒங்கம்மாகிட்ட சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத, என்னா?”

லயத்துப் பிள்ளையைத் துரைசாணி சீட்டில் ஏற்றி வைத்தது வெளியே தெரிந்தால் அவருக்கு இன்னும் ஏதாவது வந்துவிடும், அதற்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“பயப்படாதீங்க மாமா. ஒங்கள நான் காட்டிக் குடுக்க மாட்டேன்.”

“சரி பாப்பா,” என்றார் மாமா.