தங்க உறுப்பினர் பெரியதம்பி

பேருந்தின் பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. ஒரு விசில். பிறகு விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஓர் அதட்டல்: “எடு எடு எடு! இன்னா, மாமியார் வூட்டு விருந்தா? எடுப்பா!” பெரியதம்பி இப்படி அதட்டினால் திண்டிவனம் வண்டியின் ஓட்டுநர் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஏறிவிடுவார். செஞ்சி பேருந்து நிலையத்தில் தனியார் பேருந்துகளுக்கு நேரம் பார்ப்பவர் அவர். அவருக்குச் சம்பளம் தருவது முதலாளிகள். அவருக்குப் பயப்படுவது ஓட்டுநர்கள்.

கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டியிருப்பார். கழுத்தில் ஈரத்துண்டு. வாயில் எப்போதும் ஓர் ஏலக்காய். டீக்கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் டீ குடிப்பார். கடைப்பக்கம் திரும்பினால் அந்த இடைவெளியில் அவலூர்பேட்டை வண்டிக்காரன் இன்னும் நாலு பேரை ஏற்றிவிடுவான் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. “ஒரு நிமிசம்ணா, அந்தம்மா ஓடியாருது” என்று நடத்துநர் கெஞ்சினால், “ஓடியார்றவங்களுக்கு அடுத்த வண்டி இருக்குது” என்பார். அமாவாசையன்று மேல்மலையனூருக்குப் போகும் கூட்டத்தில், அருள் வந்து ஆடிக்கொண்டே ஓடிவருகிறவரைக்கூட அடுத்த வண்டிக்குத்தான் அனுப்பிவைப்பார்.

நிற்கிற எதையும் கிளப்பிவிடும் இந்த மனிதரிடம், ஓடுகிற ஒன்றை நிறுத்தும் வித்தை இல்லாமல் போனது. அது அவருடைய கைப்பேசியில் ஓடிய ஒரு கல்யாண ஆப்.

ஒரே மகள் மோனிகா சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வரன் தேடிய காலத்தில் இவரை ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, “சார், நான் உங்க ரிலேஷன்ஷிப் மேனேஜர் பேசறேன்” என்றாள். உறவுக்கு மேலாளர் என்று ஒரு பதவி இருப்பதே பெரியதம்பிக்கு அன்றுதான் தெரியும். மரியாதையாக நிமிர்ந்து நின்று பேசினார். பேச்சு முடிந்தபோது மூன்று மாதத்துக்குத் தங்க உறுப்பினர் ஆகியிருந்தார். காலம் முடிந்ததும் பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளலாமா என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. “நல்லதுக்குத்தான கேக்கறாங்க” என்று அதற்கும் சம்மதித்து ரகசிய எண்ணைப் போட்டார்.

அடுத்த வாரமே மோனிகா தன்னுடன் வேலை செய்யும் ஜெபின் என்ற பையனைப் பற்றி வீட்டில் சொன்னாள்.

இந்த இடத்தில் சாதி, மதம், அரிவாள் என்று எழுதினால் பத்திரிகைக்கு எடுப்பாக இருக்கும். பையனுடையது அவலூர்பேட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். எழுத வசதியும்கூட. ஆனால் பெரியதம்பி அதைப் பற்றியெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு.

“கூட்டிணு வா, பாக்கலாம். ஆனா இப்ப வாணாம். மூணு மாசத்துக்குப் பணம் கட்டியிருக்குது. அது முடியட்டும். கட்டின காசு வீணாப் பூடும் பாரு.”

மகள் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். மூன்று மாதம் முடிந்தது. முடிந்த அன்றே யாரையும் கேட்காமல் அடுத்த மூன்று மாதத்துக்கான பணம் வங்கியிலிருந்து போயிற்று. “நைனா, இப்ப கூட்டிணு வரட்டுமா?” என்று கேட்டாள். “மறுபடியும் கட்டிடுச்சும்மா. இது ஒண்ணு போவட்டும்” என்றார். ஓடிவருகிறவருக்கு ஒரு நிமிடம் தராதவர், பெற்ற மகளை அரை வருடம் நிற்கவைத்தார். வேண்டாம் என்று சொன்னதே இல்லை என்பார். உண்மைதான். மகள் கேட்டபோது தராத சம்மதத்தை, முகம் தெரியாத ஒரு கம்பெனிக்கு முடிவு தேதியே இல்லாமல் தந்திருந்தார், அவ்வளவுதான்.

மூன்றாம் முறை பணம் போனபோது மோனிகா எதுவும் கேட்கவில்லை. சென்னையிலேயே பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்தது. மனைவி மீனம்பாளுக்குச் சேதி வந்து, அவர் மூலம் இவருக்கு வந்தது. அன்றிலிருந்து மகளோடு பேச்சில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல?” என்று டீக்கடையில் நியாயம் கேட்பார். ஆறு மாதமாக அவள் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதை நடத்துநர்கள் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. வண்டி கிளம்பும் நேரம் யார் கையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதல் காரியமாக ஆப்பைக் கொன்றார். திரையில் அதன் படத்தின் மேல் விரலை அழுத்தி, அது நடுங்கும்வரை பிடித்திருந்து, குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போட்டார். “ஒழிச்சாச்சு” என்று அறிவிப்பும் செய்தார். அடுத்த தவணை தேதியில் பணம் வழக்கம்போல் போயிற்று. ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்பது, வாசலில் வீட்டு எண்ணைக் கழற்றிவிட்டால் கரண்ட் பில் வராது என்று நம்புவது மாதிரி. நம்பிக்கையில் குறையில்லை. வங்கிக்குப் போனார். அங்கிருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, “நீங்க குடுத்த பர்மிஷன்தான் சார் ஓடுது. நீங்கதான் நிறுத்தணும்” என்றார்.

கடைசியில் பேருந்து நிலையத்துக்குள்ளேயே செல்போன் கடை வைத்திருக்கும் நிலாவிடம் வந்தார். வண்டிகள் குறைகிற உச்சிவெயில் நேரம்.

“எங்க போய்ட்டு வந்துருக்கீங்க பாருங்கண்ணா. பணம் அனுப்பற ஆப்பு இருக்குது இல்ல, அதுக்குள்ள ஆட்டோபேன்னு ஒரு இடம் இருக்குது. யார் யாருக்குத் தானா பணம் எடுக்க வுட்டிருக்கோம்னு அதுல காட்டும். இதோ ஒக்காந்திருக்குது பாருங்க உங்க மாப்ள கம்பெனி. கேன்சல் குடுங்க. ரகசிய நம்பரைப் போடுங்க. நான் திரும்பிக்கறேன்.”

போட்டார். அனுமதி ரத்தானது.

“அவ்ளோதான். இனிமே காசு போவாது. கெளம்புங்க.”

பெரியதம்பி கிளம்பவில்லை. ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“பொண்ணு போட்டோ அதுல இருக்குதேம்மா. நேத்துகூட ஆரணியிலேருந்து ஒர்த்தர் போன் பண்ணாரு. பொண்ணு சமைக்குமான்னு கேக்கறாரு. இன்னொருத்தன் பொண்டாட்டிம்மா அது. கடையில தொங்கவுட்ட மாதிரி இருக்குது.”

ஆகவே கொன்ற ஆப்பை நிலா மறுபடியும் இறக்கினாள். உறுப்பினர் கணக்கையே மூடுகிற இடம் அமைப்புகளுக்குள் அமைப்பு, அதற்குள் உதவி, உதவிக்குக் கீழே எறும்பு எழுத்தில் இருந்தது. அதைத் தொட்டதும் ரோஜா நிறத்தில் அகலமான பொத்தான் ஒன்று வந்தது: ‘என் மகளுக்காகத் தொடர்கிறேன்.’ அதன் கீழே சாம்பல் நிறத்தில் இன்னொன்று: ‘வேண்டாம், எனக்கு அக்கறையில்லை.’

“கீழ இருக்கறதை அமுக்குங்க.”

“அக்கறையில்லைன்னு நான் எப்படிம்மா அமுக்கறது?”

“அண்ணா, அது சும்மா போட்டு வெச்சிருக்கான். மனசு மாறுவோம்னு.”

“சும்மான்னாலும் எழுதி வெச்சிருக்கறானே.” விரல் திரைக்கு மேலே ஓர் அங்குலத்தில் நின்றது. திருவண்ணாமலை வண்டி ஒன்று வந்து நின்று, தட்ட ஆளில்லாததால் நிதானமாக ஆள் ஏற்றிக்கொண்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நிலாவே அவருடைய விரலைப் பிடித்து அமுக்கினாள்.

கம்பெனி விடுவதாக இல்லை. காரணம் கேட்டது. எங்கள் மூலம் வரன் அமைந்ததா, வேறு வழியில் திருமணம் முடிந்ததா, மகளுக்கு இப்போது விருப்பமில்லையா?

“விருப்பமில்லைன்னு போட்டுடு.”

“யாருக்கு விருப்பமில்ல?” என்றாள் நிலா. அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

பெரியதம்பி வெயிலைப் பார்த்தார். பிறகு தாமாகவே இரண்டாவதைத் தொட்டார். வேறு வழியில் திருமணம் முடிந்தது. அவர் அதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை, அதுவும் ஒரு கம்பெனியிடம். உடனே அடுத்த கட்டம் திறந்தது: திருமணத் தேதி?

எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த ஊரைத் தாண்டும் என்று தூக்கத்தில் சொல்லக்கூடியவர் நிலாவின் முகத்தைப் பார்த்தார். நிலா என்ன செய்வாள்? அவர் மனைவிக்குப் போன் போட்டார். கடை முழுவதும் கேட்கும் குரல் மீனம்பாளுக்கு.

“தேதி எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். பெத்தவளைக் கேக்காதய்யா, கட்டிக்கிட்டவளைக் கேளு.” வைத்துவிட்டார்.

நேரம் பார்ப்பவர் நேரம் கடத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நிலா கடைக்கு வந்த யாருக்கோ ரீசார்ஜ் செய்துகொடுத்தாள். திரும்பியபோது அவர் காதில் போன் இருந்தது.

“நைனா?”

“சாப்டியா?”

“சாப்டேன். இன்னா நைனா? உடம்பு கிடம்பு சரியில்லியா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. இந்த ஆப்பை நிறுத்தணும்மா. தேதி கேக்குது.”

“எந்த ஆப்பு?”

“உனக்கு மாப்ள பாத்தது.”

“இன்னுமா நைனா அது ஓடுது?”

“அதுவா ஓடுதும்மா. நான் இன்னா பண்றது.”

மோனிகா தேதியைச் சொன்னாள். அவர் போனைக் காதிலிருந்து இறக்கி ஸ்பீக்கரில் போட்டு, முணுமுணுத்துக்கொண்டே அதைத் திரையில் பொருத்தினார். “இன்னா கெழமை அது?”

“வெள்ளி. காலைல உனக்குப் போன் பண்ணேன் நைனா. நீ எடுத்த. வண்டி கெளம்பற நேரம், அப்பறம் பேசுன்னு வெச்சிட்ட.”

பெரியதம்பி பதில் சொல்ல வாயைத் திறந்தார், ஏலக்காய்தான் தெரிந்தது. திரையில் கடைசியாக, விருப்பமிருந்தால் மணமக்கள் படத்தை இணைக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தார். நிலா படிப்பதையும் பார்த்தார்.

“போட்டோ ஒண்ணும் வேணுமாம்மா. அது இல்லாம விடமாட்டேங்குது” என்றார் போனில்.

நிலா வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்ததை அந்தப் பேருந்து நிலையம் பார்த்தது அபூர்வம்.

படத்துக்குக் காத்திராமல் பெரியதம்பி பொத்தானை அமுக்கினார். கணக்கு மூடப்பட்டது, தங்களை இழப்பதில் வருந்துகிறோம் என்று வந்தது. ரோஜா நிறத்தில்தான் வருந்தியிருந்தார்கள். மோனிகாவின் விவரமும் படமும் அதிலிருந்து போய்விட்டனவா என்று நிலா தன் போனில் தேடிப்பார்த்து, “இல்லண்ணா, சுத்தமா எடுத்துட்டான்” என்றாள்.

அப்போதுதான் போன் கீச்சிட்டது. படம் வந்திருந்தது. பச்சை மேசைத்துணி, அதன் பின்னால் மாலையோடு மோனிகா, பக்கத்தில் ஒல்லியாக ஜெபின். மோனிகாவின் மறுபக்கத்தில், கதர்ச் சட்டைப் பையில் பேனாவோடு, நரைத்த தலை வாரிய ஒரு பெரியவர்.

பெரியதம்பி இரண்டு விரலால் படத்தை விரித்தார். மகளை விரிக்கவில்லை, மாப்பிள்ளையையும் விரிக்கவில்லை. “இது யாரு?”

“சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவரா இருக்கும்ணா. ஆபீஸ்ல பக்கத்துல இருந்தவரைக் கூப்ட்டிருப்பாங்க.”

“என் வயசு இருக்கும் இல்ல?”

“இருக்கும்.”

படத்தைப் பழையபடி சுருக்கினார். வெளியே ஒரு நடத்துநர், “அண்ணா, எடுக்கட்டுமா?” என்று இரண்டு தரம் கூப்பிட்டான். பெரியதம்பி தன் கட்டைவிரலை மெல்லக் கொண்டுபோய் அந்தப் பெரியவரின் மேல் வைத்தார். விரல் அவரைத் தலையிலிருந்து மேசை வரைக்கும் மறைத்தது. மகளுக்குப் பக்கத்தில் அந்த விரலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.