பதினைந்து அட்டைகளிலும் ஒரே வசனம்

கடவுள் செய்ய வேண்டிய வேலையை நான் ஒருமுறை எடுத்துச் செய்தேன். அரை மணி நேர வேலைதான். ஆனால் அதில் ஓர் உயிர் போயிருக்கும். என் ஐம்பத்திரண்டு வயதுக்குள் செய்த முட்டாள்தனங்களை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வரிசையாக நிற்க வைத்தால், வால் திருச்சுழியில் இருக்கும். வரிசையின் தலையில் நிற்பது இதுதான்.

எங்கள் சபையில் வருஷப் பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும் ஒரு மரப்பெட்டியை நீட்டுவார்கள். உள்ளே வாக்குத்தத்த அட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்தது அந்த வருஷத்துக்குக் கடவுள் உங்களுக்குக் கொடுத்த வாக்கு. சிலர் பைபிளுக்குள் வைப்பார்கள், சிலர் பீரோக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். மாற்றிக் கேட்கக் கூடாது. எனக்கு மூன்று வருஷம் தொடர்ந்து பொறுமையைப் பற்றியே வந்தது. நாலாவது வருஷம், எடுத்ததை நைசாக உள்ளே போட்டுவிட்டு வேறொன்று எடுத்தேன். அதுவும் பொறுமைதான்.

அட்டைகளை அச்சடிப்பவனும் நான்தான். டவுனில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் மிச்சம் விழும் அட்டையை வெட்டித்தான் வாக்குத்தத்தம் அடிப்பேன். அதனால் எங்கள் சபையார் பலருடைய வாக்குத்தத்தத்தின் பின்பக்கம் பாதி மயில் நிற்கும்.

என் கூட்டாளி ஒருவன் விசைத்தறி ஓட்டுகிறவன். திருச்சுழி ரோட்டில் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் டவுனுக்கு வேலைக்கு வருவான். சபையில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் ஜெபிக்க முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனுக்குச் சர்க்கரை நோய். காலில் சொரணை குறைந்து, தறிக்கூடத்தில் ஆணி ஏறியதுகூட அவனுக்குத் தெரியவில்லை. புண் பெரிதாகி மதுரைக்குப் போனபோது, முட்டிக்குக் கீழே காலை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொங்கலுக்குள் எடுக்காவிட்டால் விஷம் மேலே ஏறி உயிருக்கே ஆபத்து. இவன், “ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன் சார்” என்று திரும்பி வந்துவிட்டான்.

வருஷப் பிறப்புக்கு அவனால் கோவிலுக்கு வர முடியவில்லை. வராதவர்களுக்குப் பெட்டியை வீட்டுக்கே கொண்டுபோவது வழக்கம். போதகர் அந்தப் பொறுப்பை என்னிடம் தந்தார். அவரும் மனிதர்தானே, ஆளைத் தேர்ந்தெடுப்பதில் தவறு வரும்.

எனக்கு ஒரே யோசனை. இவன் கைக்குப் பொறுமையைப் பற்றியோ பாடு அனுபவிப்பதைப் பற்றியோ ஒரு வசனம் வந்து தொலைத்தால் என்ன ஆவான்? அன்று சாயங்காலம் அச்சகத்தில் உட்கார்ந்து, நோயிலிருந்து சுகம் தருவதாக வரும் ஒரு வசனத்தைப் பதினைந்து அட்டைகளில் அடித்தேன். மற்றவற்றை எடுத்துவிட்டு இந்தப் பதினைந்தை மட்டும் பெட்டிக்குள் போட்டேன்.

மறுநாள் காலை அவன் கட்டுப்போட்ட காலைப் பெஞ்சில் நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி, பெட்டிக்குள் கையை விட்டான். எவ்வளவு நேரம் துழாவினான் தெரியுமா? எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தெரிந்தவனுக்கு அது சிரிப்பாக இருக்க வேண்டும். எனக்கு வியர்த்தது. எடுத்துப் படித்தான். அவன் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

“எனக்கும் நீட்டுங்கண்ணே” என்று கையை நீட்டினாள்.

அங்கேதான் என் மூளை நின்றுபோனது. “இந்த வருஷம் வீட்டுக்கு ஒண்ணுதாம்மா” என்று மூடியைச் சாத்திப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். காபிகூடக் குடிக்கவில்லை. ஆனாலும் வழியெல்லாம் ஏதோ அற்புதம் செய்துவிட்டவன் மாதிரி சீட்டியடித்துக்கொண்டுதான் வந்தேன்.

மூன்று நாள் கழித்து அவள் போன் செய்தாள். “அண்ணே, அவுக ஆஸ்பத்திரிக்குத் தேதியே சொல்ல மாட்டேங்காக. கேட்டா ஆண்டவர் பாத்துக்குவாருங்காக. எந்நேரமும் அந்தக் கார்டையே எடுத்து எடுத்துப் பாக்காக.”

சீட்டி நின்றது. கடவுள் சுகம் தருவதாகச் சொல்லிவிட்டார், இனிக் காலை எதற்கு வெட்ட வேண்டும் என்று அவன் உட்கார்ந்துவிட்டால்? விஷம் ஏறிக்கொண்டிருக்கும், என் மயில் அட்டையைப் பார்த்துக்கொண்டே அவன் செத்துப்போவான். போதகரிடம் ஓடினேன். முழுக்கக் கேட்டார்.

“பதினஞ்சும் ஒண்ணா?”

“ஆமாங்கய்யா.”

“ஒரு பேச்சுக்காவது ஒண்ணை மாத்திப் போட்டிருக்கலாமே” என்றார். பிறகு, “எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவர் வீட்டுக்குப் போயி அவர்ட்டச் சொல்லுங்க, இன்னைக்கே” என்றார்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். ரோட்டில் காயப்போட்டிருந்த உளுந்தஞ்செடி மேல் பஸ் ஏறி இறங்கும்போதெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். இறங்கியதும் எல்லாம் மறந்துபோனது. அவன் அதே பெஞ்சில்தான் இருந்தான்.

“ஏலே, அது கள்ளக் கார்டு. பெட்டியில இருந்த பதினஞ்சும் ஒண்ணுதான். நான்தான் அடிச்சுப் போட்டேன்.”

“தெரியும்” என்றான்.

“எப்பிடி?”

“கையில மை ஒட்டுச்சு. பொறவு வீட்டுக்கு ஒண்ணுன்ன. காபி குடிக்காம வேற போன. நீ காபி குடிக்காமப் போயி நான் பாத்ததே இல்ல.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் தேதி சொல்லாம இருக்கியா? எனக்கு மூணு நாளா சோறு எறங்கல.”

“வயித்தைப் பாத்தா அப்பிடித் தெரியலயே.”

மூன்று நாள் என்பது வழக்கம்போல நான் கூட்டிச் சொன்னது. உண்மையில் ஒரு வேளைதான்.

அவன் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நீ உள்ளதைச் சொல்லிட்ட. நானும் சொல்லிர்றேன். நான் தேதி சொல்லாதது கார்டாலயும் இல்ல, ஜெபத்தாலயும் இல்ல. பயமா இருக்குலே. ஊரே என்னைய ஜெபிக்கக் கூப்பிடுது. நான் போயிப் பயமா இருக்குன்னு யார்ட்டச் சொல்ல?”

வாசலில் அவன் மனைவி நின்றிருந்தாள். “எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?”

“சொன்னா அழுவ.”

“இப்ப மட்டும் சிரிச்சுக்கிட்டா நிக்கேன்?”

பிறகு அவன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி முழங்காலில் நின்றான். அவளும் பக்கத்தில் வந்து முழங்கால் போட்டாள். நான் என் தொந்தியையும் சேர்த்து ஒருவழியாக மடக்கி இறக்கினேன். சபையிலேயே பெரிய ஜெபவீரன், இன்றைக்கு என்ன ஜெபிக்கப் போகிறான் என்று அறிய எனக்கு அப்படி ஓர் ஆவல். கால் மணி நேரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டேன்.

“ஆண்டவரே, பயமா இருக்கு. போறேன்.”

அவ்வளவுதான். மிச்சத்துக்காகக் காத்திருந்து, ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தால், அவன் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்துக்கொண்டிருந்தான். தேதியைத் தெளிவாகக் கேட்டான். இன்னொன்றும் கேட்டான்: முட்டி கட்டாயம் இருக்கும்ல சார்? இருக்கும் என்றதும், “அது போதும், முழங்கால் போட்டுக்கலாம்” என்றான் மனைவியிடம்.

பொங்கலுக்கு முன்பே ஆபரேஷன் முடிந்தது. மறுவாரம் மதுரைக்குப் பார்க்கப் போனேன். போர்வை ஒரு பக்கம் பாதியில் தட்டையாகக் கிடந்தது. அங்கே பார்க்கக் கூடாது என்று நினைத்ததாலேயே அங்கேயே பார்த்தேன். வலி இருக்கிறது என்றான். இல்லாத கட்டைவிரல்தான் ரொம்ப அரிக்கிறதாம், சொறிய வழியில்லையாம்.

பக்கத்துக் கட்டிலில் வீரசோழன் ஊர் வியாபாரி ஒருவர் இருந்தார். அவருக்கும் சர்க்கரைதான், மறுநாள் ஆபரேஷன். அவர் தயங்கித் தயங்கி, “நீங்க எப்பிடிங்க தைரியமாப் போனீக?” என்று கேட்டார். இவன் ஏதாவது பிரசங்கம் செய்வான் என்று பார்த்தேன்.

“தைரியமால்லாம் போகல பாய். பயந்துக்கிட்டேதான் போனேன். கூப்பிட்டா ஆண்டவர் கூடவே வருவாருன்னு மட்டும் தெரியும். உங்களுக்காகவும் சொல்லி வைக்கிறேன்.”

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனார்.

இவன் சட்டைப் பையில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. பாதி மயில். எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

“ஏலே, அது நான் திணிச்சது. அதுல சுகம்னு போட்டிருக்கு, உனக்குக் காலே போயிருச்சு. இன்னமும் எதுக்கு அதை வச்சிருக்க?”

“வசனத்தை நீயா எழுதுன?”