அத்தை ஜப்பானிய மொழியில் பேசிய ஞாயிற்றுக்கிழமை

என் அத்தைக்குத் திக்குவாய். அப்பாவின் ஒரே தங்கை, கணக்கில் பட்டம் வாங்கியவள், எங்கள் வீட்டில் எல்லாரையும்விட அதிகம் படித்தவள். ஆனால் பால்காரர் வந்துவிட்டார் என்று சொல்ல வேண்டுமானால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவாள். கழுத்து நரம்பு புடைக்கும், கண்கள் இறுக மூடிக்கொள்ளும். அதற்குள் எங்களில் யாராவது அந்த வாக்கியத்தை முடித்துவிடுவோம். "பால்காரரா அம்மணி? சரி சரி" என்று அம்மா சொம்போடு வாசலுக்குப் போய்விடுவாள். நாங்கள் அதை உதவி என்றே நினைத்திருந்தோம்.

அவள் ஜப்பானிய மொழி படிக்க ஆசைப்பட்டபோதும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்து விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, அப்பா சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்கு வந்திருந்த பெரியப்பா அதை எடுத்துப் பார்த்து, "தமிழே வாயில வரமாட்டேங்குது, இதுல ஜப்பானா?" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவர் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருந்தார். நூற்பாலைகளுக்கு ஜப்பானிலிருந்து இயந்திரங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மொழி தெரிந்தால் ஏதாவது ஒரு மில்லில் வேலை கிடைக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். எழுதப் படிக்கத்தானே போகிறாள், பேசவா போகிறாள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முதல் வருஷம் எழுத்தும் இலக்கணமுமாக ஓடிவிட்டது. இரண்டாம் வருஷத்து வகுப்புதான் வில்லங்கம். அது முழுக்க முழுக்கப் பேச்சுக்கானது. சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும். வீடு திரும்ப இருட்டிவிடும். அதனால் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்குத் துணைக்குப் போகும் உத்தியோகம் கிடைத்தது. ஒன்பது வயதுப் பெண் இருபத்தாறு வயதுப் பெண்ணை எதிலிருந்து காப்பாற்றுவாள் என்று வீட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நானும் யோசிக்கவில்லை. சிங்காநல்லூரில் ஏறி, காந்திபுரத்தில் பஸ் மாறி, மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மிகுந்த பொறுப்புணர்வோடு போய்வந்தேன்.

சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஜப்பானிய அம்மா. நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருப்பார். எல்லாரும் அவரை 'சென்செய்' என்று அழைத்தார்கள். டீச்சர் என்று அர்த்தமாம். அவர் வகுப்பில் ஒரே சட்டம்தான். கதவைத் தாண்டி உள்ளே வந்தால் தமிழும் கூடாது, இங்கிலீஷும் கூடாது. மில் சூப்பர்வைசர்கள் இரண்டு பேர், கல்லூரிப் பையன்கள் சிலர், கோட்டைமேட்டில் தையல் மெஷின் உதிரிபாகக் கடை வைத்திருந்த ஒரு பாய் என்று பத்துப் பேர் இருந்தார்கள். வெளியே மரத்தடியில் வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் உள்ளே வந்ததும் திணறினார்கள். பாய் எழுந்து நின்று கூரையைப் பார்த்து, "ஆனோ… ஆனோ…" என்பார். சொல் கிடைக்காதபோது ஜப்பான்காரர்கள் அப்படித்தான் இழுப்பார்களாம். சென்செய் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருப்பார். எவ்வளவு நேரமானாலும் எடுத்துக்கொடுக்க மாட்டார்.

முதல் நாள் அத்தையின் முறை வந்தபோது நான் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தேன். இங்கே அவள் வாக்கியத்தை முடித்துவைக்க எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாதே!

அத்தை எழுந்தாள். பேசினாள்.

ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்கவில்லை. கண்கள் திறந்தே இருந்தன. வீட்டில் நான் கேட்டேயிராத ஒரு குரல், கொஞ்சம் கனத்து, நிதானமாக வந்துகொண்டிருந்தது. நடுவில் அவள் ஏதோ சொல்ல, பாய் வாய்விட்டுச் சிரித்தார். என் அத்தை ஒருவரைச் சிரிக்க வைத்தாள்! நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்குமே, அப்படிச் சிலிர்த்தது.

திரும்பும்போது பஸ்ஸில், வீட்டில் எல்லாரிடமும் சொல்லப்போகிறேன் என்றேன். அத்தை என் வாயைப் பொத்தினாள்.

"சொ… சொல்லாதே கண்ணு. பே… பேசிக் காட்டச் சொல்லுவாங்க."

நாலு மாதம் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினேன். அந்த வயதில் அது சாமானியமான காரியமல்ல.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க ஈரோட்டிலிருந்து வந்தார்கள். ஒரு வேன் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மஞ்சள் மண்டி இருந்தது. மண்டியில் பேசுகிற குரலிலேயே வீட்டிலும் பேசினார். மகனிடம் யார் எதைக் கேட்டாலும் அவரே பதில் சொன்னார்.

"தம்பிக்குக் காபிங்களா, டீங்களா?" என்று என் அப்பா கேட்டார்.

"காபிதானுங்க. அவனுக்கு டீ ஆகாதுங்க."

மாப்பிள்ளை தன் பெருவிரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நூற்பு இயந்திரக் கம்பெனியில் இன்ஜினியர் என்றார்கள்.

அத்தை ஒப்புட்டு அடுக்கிய பலகாரத் தட்டோடு வந்து நின்றாள். என்ன கேட்டாலும் 'ஆமாங்க', 'இல்லீங்க' இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று காலையிலிருந்தே அம்மா பாடம் நடத்தியிருந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாப்பிள்ளையின் அப்பா அதைச் சொல்லும்வரை.

"பையன் ஆறு மாசம் ஜப்பான்ல ட்ரெய்னிங் போய்ட்டு வந்தவனுங்க. அந்தப் பாஷையெல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு."

என்னால் பொறுக்க முடியவில்லை. "எங்கத்தைக்கும் தெரியுமுங்க! அதுல பேசுனா திக்கவே திக்காதுங்க!" என்றேன்.

அம்மாவின் நகம் என் தொடையில் இறங்கியது. அவர்களிடம் மறைத்துவைத்திருந்த திக்குவாயை நான் நடுக்கூடத்தில் போட்டு உடைத்துவிட்டேன் என்பது அந்தக் கிள்ளலில்தான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கோ முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அப்படீங்களா! அப்ப ரெண்டு பேரும் பேசுங்க, நாங்களும் கேக்கறோம்."

"இல்லீங்க, அது சும்மா புஸ்தகப் படிப்புங்க…" என்று அப்பா எழுந்தே விட்டார்.

அதற்குள் மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி, தயங்கித் தயங்கி ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். அத்தனை பேரும் அத்தையைப் பார்த்தோம். அவள் தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு முந்தானையைச் சரி செய்துகொண்டு பதில் சொன்னாள்.

கால் மணி நேரம் இருக்கும். தம்ளர்களில் காபி ஆடை கட்டியது. அவருக்குத்தான் சொற்கள் கிடைக்கவில்லை. "ஆனோ… ஆனோ…" என்று தடுமாறும்போதெல்லாம் அத்தை சென்செயைப் போலக் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் கேட்டாள், அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். ஒரு இடத்தில் அவர் குரல் கம்மியது. அவள் தலையை அசைத்து மறுத்தாள், பிறகு நீளமாக, கொஞ்சம் கண்டிப்பாகவே எதையோ சொன்னாள். கடைசியில் அவர் "ஹாய், ஹாய்" என்று ஜப்பான்காரர்களைப் போல ஆமோதித்து, உட்கார்ந்தபடியே இடுப்பை வளைத்து வணங்கினார். வந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரேடியோ கேட்ட மாதிரி இருக்குதுங்க! என்னடா பேசுனீங்க இவ்வளவு நேரம்?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"அங்கத்த மழையைப் பத்திங்கப்பா" என்றார் மாப்பிள்ளை.

எல்லாருக்கும் திருப்தியாகிவிட்டது. அப்பாவை மட்டும் காணவில்லை. தேடிப் போனபோது பின்கட்டுக் குழாயடியில் நின்றிருந்தார்.

"அங்கயும் அத்தை இப்படித்தான் பேசுமா கண்ணு?"

"எப்பவும் இப்படித்தானுங்கப்பா."

அவர் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவிக்கொண்டே இருந்தார். கூடப் பிறந்தவள் தடங்கலில்லாமல் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்காது.

கல்யாணம் நிச்சயம் என்றே இருந்தோம். புதன்கிழமை தரகர் வந்து, ஜாதகம் சரியாக வரவில்லை என்று பையனே சொல்லிவிட்டதாகச் சொன்னார். முன்பே பார்த்துச் சரியாக இருந்த ஜாதகம். 'எல்லாம் உன் வாயால்தான்' என்று அம்மா என்னைத் திட்டினாள். நான் அழுதேன்.

அன்றைக்கு அவர்கள் மழையைப் பற்றிப் பேசவில்லை என்பது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அத்தை அப்போது மில்களுக்கு வரும் ஜப்பானிய இன்ஜினியர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். ஒரு நாள் திக்கித் திக்கி முழுக் கதையையும் சொன்னாள். வால்பாறையில் எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தியை அந்த மாப்பிள்ளைக்குப் பிடித்திருந்ததாம். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லையாம். மன்னித்துவிடுங்கள், நீங்களே என்னை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டாராம். அதற்கு அத்தை, எனக்கும் இதில் விருப்பமில்லை, ஆனால் திக்குவாய்ப் பெண்ணுக்கு இவ்வளவு திமிரா என்று என் அண்ணனைத்தான் பேசுவார்கள், அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும், இந்த மாதத்துக்குள் உங்கள் அப்பாவிடம் உண்மையையும் சொல்லிவிட வேண்டும் என்றாளாம். பதினைந்து பேர் நடுவில், கையில் பலகாரத் தட்டு கொண்டுவந்த பெண்!

ஆனால் தரகர் வந்துபோன அந்த வாரத்துச் சனிக்கிழமை எனக்கு இதில் எதுவும் தெரியாது. எங்களை பஸ் ஏற்றிவிட அப்பாவே வந்திருந்தார். "மனசைப் போட்டு அலட்டிக்காதே அம்மணி" என்றார்.

"எ… எனக்கு…" என்று அத்தை ஆரம்பித்தாள். பஸ் வந்து நின்றது. அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் விசில் அடித்தார், பஸ் போய்விட்டது. அப்பா அசையவில்லை, எடுத்துக்கொடுக்கவும் இல்லை.

"எனக்கு ஒ… ஒண்ணும் வ… வருத்தமில்லீங்கண்ணா."

அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போனதும் அத்தை முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றே நினைத்தேன்.

"அழுவாதீங்கத்தை, வேற மாப்பிள்ளை வருவாங்க" என்றேன்.

தோள்கள் இன்னும் அதிகமாகக் குலுங்கின. காந்திபுரம் வரும்வரை அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே போனேன்.