தொட்டி மண்ணுக்குப் பாஸ் கிடையாது

எங்கள் காலனி கேட்டைத் தாண்டி எது வெளியே போனாலும் அதற்கு ஒரு பாஸ் வேண்டும். பழைய கட்டில், ரிப்பேருக்குப் போகும் மிக்ஸி, தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தையல் மெஷின், எதுவானாலும் சரி. காஞ்சன்பாக் பக்கத்தில் பாதுகாப்புத்துறை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் குடியிருப்பு அது. என் கணவர் அந்தக் கூடத்தில் வேலை பார்த்தார். என்ன வேலை என்று கேட்டால் "வேலைதான்" என்பார். காய்கறி வாங்கப் போகும்போதும் வரும்போதும் நான் பையைத் திறந்து காட்ட வேண்டும். கல்யாணமான புதிதில் இது வேடிக்கையாக இருந்தது. போகப் போக, கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, "பாத்துக்கோ, இதுல குண்டு இல்ல" என்று சொல்லும் அளவுக்குக் கோபம் முற்றியது. காவலருக்குத் தமிழ் தெரியாததால் பிழைத்தேன்.

ஐதராபாத் முழுக்க அப்போது ஐ.டி. மயம். கணவரோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக சாஃப்ட்வேருக்குத் தாவினார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் புதுக் காரில் வந்தால் கேட்டில் பெயர் எழுதிவைத்து, நாங்கள் போய் அழைத்துவர வேண்டும். இரண்டு முறை வந்தவர்கள் மூன்றாம் முறை வரவில்லை. "சர்க்கார் வேலய விட்டுட்டு எவனாவது போவானா?" என்று இவர் அசையாமல் இருந்தார். வெளியே போக எனக்கு மிச்சமிருந்த ஒரே வழி என் பிஎச்.டி.தான். நான் மண்ணியல் படித்தவள். இரண்டு பஸ் மாறிப் பல்கலைக்கழகம் போய்வரும் நாட்களில் மட்டும் எனக்கு முழுசாக மூச்சு வரும்.

காட்டு மண்ணில் கார்பன் எப்படித் தங்குகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. ஐதராபாத்தின் கருங்கல் பாறைமேல் வளரும் முள்காட்டை எல்லோரும் வெறும் புதர் என்று நினைக்கிறார்கள். மழைநீர், காற்றிலும் வேர்களின் மூச்சிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிப் பாறையில் இறங்குகிறது. பாறை மெல்ல இளகி மொரம் ஆகும். செம்மண் ரோட்டில் கொட்டுவார்களே, அந்தப் பொடிக்கல்லுக்கு அங்கே அதுதான் பெயர். மொரம் இன்னும் மக்கிக் களிமண்ணாகும். மேலே உதிர்ந்த இலையெல்லாம் அழுகி, அந்தக் களிமண்ணோடும் அதிலுள்ள இரும்புத் துருவோடும் ஒட்டிக்கொள்ளும். சின்னச் சின்ன மண்கட்டிகளுக்குள் மாட்டிக்கொண்டால் நுண்ணுயிர்கள் அதை எட்ட முடியாது. எட்ட முடியாததால் எத்தனையோ தலைமுறைக்கு அந்தக் கார்பன் மண்ணிலேயே கிடக்கும். கட்டியை உடைத்து, காயவைத்து, தண்ணீர் ஊற்றினால் போயிற்று. விழித்துக்கொண்ட நுண்ணுயிர்கள் பசியோடு தின்ன ஆரம்பிக்கும், கார்பன் வாயுவாகிக் காற்றோடு போய்விடும்.

ஊரின் மேற்கு ஓரத்தில், பெரிய பாறைகளுக்கு நடுவே இருந்த காட்டில்தான் முதல் வருஷம் மண் எடுத்தேன். அதே இடத்தில் ஆழமாக மறுபடி எடுக்க வேண்டும் என்று அடுத்த கோடையில் போனால் காடு இல்லை. பாறையை வெடிவைத்துத் தகர்த்து, தரையைக் கேரம் போர்டு மாதிரி சமமாக்கி, ஒரு கம்பெனிக்கு அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். என் குழி இருந்த இடத்தில் ஒருவர் நிழற்குடைக்குக் கீழே லே-அவுட் படத்தை விரித்து வைத்திருந்தார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

என் கைடு நல்ல மனிதர், ஆனால் விதிக்குக் கட்டுப்பட்டவர். அதே பாறைமேல் மனிதக் கை படாத வேறொரு காட்டில், மேலிருந்து மொரம் வரை அடுக்கடுக்காக மண் எடுத்து, மழை தொடங்கும் முன் லேபுக்குக் கொண்டுவரச் சொன்னார். இல்லையென்றால் என் பதிவு காலாவதியாகிவிடும், ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்தாயிற்று என்றார். ஐதராபாத்தில் கை படாத காட்டுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பினேன். கேட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, சமையலறை ஜன்னலைத் திறந்தேன். எதிரே நின்றது காடு.

பல வருஷமாகத் தினமும் பார்த்த காடுதான். ஆராய்ச்சிக்கூடத்தைச் சுற்றிப் பாதுகாப்புக்காகக் காலியாக விட்ட நிலம். யாரும் வெட்டவில்லை, மாடு மேயவில்லை, யாரும் ப்ளாட் போடவில்லை. ஊரெல்லாம் வெடிவைத்துக்கொண்டிருந்தபோது இந்த மண்ணைக் காப்பாற்றியது, நான் தினமும் திட்டிக்கொண்டிருந்த அதே சுவர்தான். இதை நினைக்கச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கூடத்தையும் குடியிருப்பையும் பிரிக்கும் உள்வேலிக்கு இந்தப் பக்கம், எங்கள் வீடுகளின் பின்னால், அந்தக் காட்டின் ஒரு பட்டை நீண்டிருந்தது. சீத்தாப்பழக் காலத்தில் பெண்கள் நாங்கள் அங்கே போய்ப் பழம் பறிப்போம், யாரும் தடுத்ததில்லை. வேலியை வீடுகள் வரை தள்ளப்போகிறார்கள் என்று மட்டும் ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

முறைப்படி போய்ப் பாதுகாப்பு அதிகாரியிடம் அனுமதி கேட்டேன். அவர் மரியாதையாக டீ வரவழைத்தார். மண்ணும் பொருள்தான், பொருள் வெளியே போகப் பாஸ் வேண்டும், சோதனை செய்வதற்காக இங்கிருந்து மண் போகிறது என்றால் அந்தப் பாஸில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னார். டீ நன்றாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் கணவரை, அவருடைய பிரிவுத் தலைவரிடம் ஒரு வார்த்தை பேசச் சொன்னேன்.

"நான் போய் என்னத்தச் சொல்ல? என் பொண்டாட்டிக்கு மண்ணு வேணும்னா? நாளைக்கு ஒண்ணுன்னா என் வேலைக்குல்லா உலை?"

"மண்ணுதாங்க கேக்கேன், உங்க ராக்கெட்டயா கேக்கேன்?"

"மெதுவாப் பேசு, பக்கத்து வீட்ல கேக்கும்" என்றார். எங்கள் வீட்டில் எல்லாச் சண்டையும் அந்த வாக்கியத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் அந்தக் கேட்டில் ஒரே ஒரு சலுகை உண்டு. எப்போதோ ஒரு பெரிய அதிகாரியின் மனைவியை ரோஜாத் தொட்டியோடு வெயிலில் நிறுத்திவைத்து, அதனால் பெரிய ரகளையாகி, அன்றிலிருந்து செடித் தொட்டிக்கு மட்டும் பாஸ் கேட்பதில்லை. நான் நான்கு தொட்டி வாங்கிப் பால்கனியில் வைத்தேன். கணவர் ஆபீஸ் போனபின் ஒரு சின்னக் கடப்பாரையும் சாக்குமாக அந்தக் காட்டுப்பட்டைக்குப் போவேன். மேல்மண் ஒரு தொட்டி, ஒரு சாண் கீழே எடுத்தது ஒன்று, முழங்கை ஆழத்தில் எடுத்தது ஒன்று, கடைசியாக மொரம். ஒவ்வொன்றின் தலையிலும் பேருக்கு ஒரு குரோட்டன்ஸ் குச்சியைச் செருகினேன். மண் ஈரம் படாமல் நிழலில் உலர வேண்டும், அதனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. நான்காவது, அந்த மொரத் தொட்டிதான் என் ஆராய்ச்சிக்கே உயிர். அவ்வளவு ஆழத்தில் கார்பன் கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் இருப்பதிலேயே பழசு அதுதான். திங்கட்கிழமை ஆட்டோவில் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலையில் திருநெல்வேலியிலிருந்து போன் வந்தது. மாமனார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அன்றே கிளம்பினோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, பால்காரரை நிறுத்தச் சொன்னேன். அக்கா செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழச்சி, 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்று ஊர் உருது கலந்து பேசுவார், மனசு தங்கம். தொட்டியைத் தொடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அவர் கணவருக்கும் அதே கூடத்தில்தான் வேலை. பக்கத்தில் என்னவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாயை மூடிக்கொண்டேன்.

மாமனாருக்கு ஆபரேஷன் முடிந்து, வீட்டில் கொண்டுவந்து விட்டுத் திரும்பும்போது மழைக்கான மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. பூட்டைத் திறந்து நேராகப் பால்கனிக்குப் போனேன். நான்கு குச்சியும் துளிர்த்திருந்தன. மண் கறுப்பாக, ஈரமாக, காபி வாசனையோடு இருந்தது.

அக்கா பின்னாலேயே சந்தோஷமாக வந்தார். "கைக்குமா இப்படிக் காய விட்டே? பாவம், குச்சி குச்சியா நின்னுச்சு. நான் டெய்லி அரிசி கழுவின தண்ணி ஊத்தினேன். டிகாஷன் சக்கை, முட்டை ஓடு எல்லாம் இடிச்சுப் போட்டேன்." மொரத் தொட்டியைத் தட்டிக் காட்டினார். "இது ஒண்ணு வெறும் கல்லுமா, சத்தே இல்ல. அதனால இதுக்கு மட்டும் ரெண்டு பங்கு."

"ரொம்ப தேங்க்ஸ்கா" என்றேன்.

"தேங்க்ஸ் எல்லாம் நக்கோ" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அக்காமேல் ஒரு துளி கோபம் இல்லை. நம் வீடுகளில் சக்கையைக் குப்பையில் போட்டால்தான் தப்பு, தொட்டியில் போட்டால் புண்ணியம். என் அம்மாவும் அதைத்தான் செய்திருப்பாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, மறுபடி தோண்டினால் போயிற்று என்று நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தூரத்தில் புதிதாகக் கம்பிவேலி நின்றது. காட்டுப்பட்டை அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. நான் தோண்டிய குழி புல்லுக்கு நடுவே நன்றாகவே தெரிந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள், எனக்கு இப்போது கைக்கும் எட்டவில்லை.

கணவர் வந்து நின்று வேலியைப் பார்த்தார், தொட்டிகளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது. ஒரு பெருமூச்சு விட்டு, "போகட்டும் விடு, ஒரு வகைல நல்லதாப் போச்சு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயம் விட்டுப்போன நிம்மதி முகத்தில் அப்படியே தெரிந்தது. மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டேன், அந்தப் பெருமூச்சை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மாசக் கடைசியில் என் பதிவு காலாவதியானது. கைடு போனில் வருத்தப்பட்டார்.

அதன்பின் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்ஸில் நான் ஏறவில்லை. குரோட்டன்ஸ் மட்டும் இடுப்பளவு வளர்ந்தது. மழைக்காலச் சாயங்காலங்களில் நான் பால்கனியில் நிற்பேன். உலர்ந்து கிடந்த மண்ணில் முதல் தண்ணீர் விழுந்த அந்த நாட்களில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். யாரும் எட்ட முடியாமல் அடைபட்டுக் கிடந்த பழைய கார்பன், அரிசித் தண்ணீர் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவாகி, பால்கனிக் கம்பி வழியே வெளியேறி, காவலரைத் தாண்டி, ஊருக்குள் கலந்திருக்கும். என் தொட்டிகளிலிருந்து அந்தக் கேட்டைப் பாஸ் இல்லாமல் தாண்டியது அது ஒன்றுதான். நான் இவர் ரிட்டயர் ஆகும் வரை அதே கேட்டில் கத்தரிக்காய்ப் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன்.