பெல்கிஸின் சிரிப்புக்கு ஒரு நகல்

முன்னறையிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது. முதலில் மூன்று துள்ளல், பிறகு மூச்சு முட்டி மூக்கால் ஒரு சின்ன இழுப்பு. அடுக்களையில் காப்பி வடிகட்டிக்கொண்டிருந்த நுரிஸின் கை அப்படியே நின்றது.

சிரித்தவள் பெல்கிஸ். நுரிஸின் கணவன் எவாரிஸ்தோவின் முதல் மனைவி. அவள் இறந்து ஆறு வருடமாகிறது.

"இன்னொரு தடவை போடேன், கொழுந்தியா," என்றான் எவாரிஸ்தோ. குரலில் ஈரம். கல்யாணமாகி நாலு வருடத்தில் ஒருநாளும் நுரிஸுக்காக நனையாத குரல் அது.

மறுபடியும் சிரிப்பு. மறுபடியும் அந்த மூக்கிழுப்பு. நுரிஸ் மூன்று கோப்பையில் காப்பியை ஊற்றினாள். தன் கோப்பையில் மட்டும் சர்க்கரை போட மறந்தாள்.

முன்னறையில் பெல்கிஸின் தங்கை ஃபியோர் போனை உள்ளங்கையில் ஏந்தி உட்கார்ந்திருந்தாள். "எங்கிட்ட மிச்சம் இருக்கறது இந்த ஒண்ணுதான் அத்தான். மத்த நாப்பது வீடியோவையும் ரெண்டு வருஷம் முன்னாடி உங்க கிளவுட்ல, அக்கா ஃபோல்டர்ல ஏத்திட்டு போன்ல இருந்து எடுத்துட்டேன். அங்க பத்திரமா இருக்கும்னு." நுரிஸைப் பார்த்ததும் அவள் குரல் மாறியது. "வா நுரிஸ். காப்பியா? அக்கா போடற மாதிரி இஞ்சி தட்டிப் போட்டிருக்கியா?"

"இல்ல. நான் போடற மாதிரி போட்டிருக்கேன்."

ஃபியோர் வந்த காரியம் சின்னதுதான். சனிக்கிழமை எவாரிஸ்தோவுக்கும் பெல்கிஸுக்கும் பிறந்த மகள் அனைரிஸுக்குப் பதினைந்து வயது முடிகிறது. எங்கள் பக்கம் பெண்ணுக்குப் பதினைந்து என்றால் கல்யாணம் மாதிரி விழா. மண்டபம் பிடித்தாயிற்று, இளஞ்சிவப்பு கவுன் தைத்தாயிற்று. பதினாலு ஜோடிகள் மாதா கோயில் கூடத்தில் தினமும் வால்ஸ் நடனம் பழகுகிறார்கள். அப்பா மகளின் தட்டைச் செருப்பைக் கழற்றி முதல் குதிகால் செருப்பை மாட்டிவிடும் நேரத்தில் திரையில் பெல்கிஸ் பேச வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மகளுக்காக அவள் பதிவு செய்து வைத்த ஏழு நிமிடம் அது. அந்த நாள்வரை யாரும் பார்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். ஆறு வருடமாக அனைரிஸ் காத்திருப்பது கவுனுக்காக அல்ல, இந்த ஏழு நிமிடத்துக்காக.

"மண்டபத்துக்காரன் இன்னிக்கே கேக்கறான். எடுத்துக் குடுங்க அத்தான், நான் கொண்டுபோய் சேத்துடறேன்."

எவாரிஸ்தோ லேப்டாப்பைத் திறந்தான். 'பெல்கிஸ்' என்ற ஃபோல்டரைத் தட்டினான். வெள்ளையாகத் திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"என்ன அத்தான் இது?"

"இருடி, இருடி..." அவன் நெற்றியைத் தேய்த்தான். "ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துல ஆத்துக்குக் குளிக்கப் போனோமே, போன்ல இடமில்ல இடமில்லன்னு கத்திச்சு. பெரிய வீடியோவா பாத்து அழிச்சேன். போன்ல இருந்துதானே அழிச்சேன்? கிளவுட் மேகத்துல இருக்கத்தானே செய்யும்?"

நுரிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். இதை அவள் ஊரில் நூறு பேருக்கு விளக்கியிருக்கிறாள். போனில் இருப்பதும் மேகத்தில் இருப்பதும் இரண்டு பிரதி இல்லை. முகமும் கண்ணாடியில் தெரியும் அதே முகமும்தான். இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும். குப்பைத் தொட்டியில் முப்பது நாள் கிடக்கும், பிறகு அதுவும் கிடையாது. புனித வாரம் முடிந்து இரண்டு மாதமாகிறது. ஊருக்கெல்லாம் சொன்னதைக் கட்டின கணவனுக்கு மட்டும் அவள் சொன்னதில்லை. சொன்னால் அந்த ஃபோல்டரைப் பற்றிப் பேச வேண்டி வரும்.

ஃபியோரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. எவாரிஸ்தோவோ சிரித்தான்.

"எதுக்குப் பயப்படறே? நம்ம வீட்டுல யாரு இருக்கா? மோகா ஊர்ல பாதி இவ நகலை நம்பித்தான் தூங்குது. நுரிஸ்கிட்ட எல்லாத்துக்கும் நகல் இருக்கு. இல்லையா கண்ணு?"

நுரிஸ் வாயைத் திறப்பதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்தது. அனைரிஸை ஒத்திகையிலிருந்து அழைத்துவரும் நேரம். "நீங்க ரெண்டு பேரும் எடுத்து வைங்க, நான் பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடறேன்," என்று அவன் நண்பனின் பின்னால் ஏறிப் போய்விட்டான்.

எங்கள் மோகாவில் நுரிஸை 'நகல்கார நுரிஸ்' என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வயதில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றவள். கடைக்காரர் வாங்கி மூலையில் போட்ட கம்ப்யூட்டரைத் தானே நோண்டிக் கற்றாள். ஒரு புயல் வருடத்தில் நோட்டரி அலுவலகத்தின் தகரக் கூரை பறந்து முப்பது வருடப் பத்திரங்கள் கூழாகின. நோட்டரி தெருவில் உட்கார்ந்து அழுதபோது நுரிஸ் அந்தப் பத்திரங்களின் நகல் இருந்த ஒரு டிஸ்க்கைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். அன்றிலிருந்து இரண்டு பல் டாக்டர்கள், மாதா கோயில் பங்கு அலுவலகம், பேக்கரி என்று எல்லாரும் அவளிடம் வந்தார்கள். எதையும் மூன்று இடத்தில் வைப்பாள், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பைத் திரும்ப எடுத்து, திறந்து, கடைசிவரை பார்ப்பாள். திறந்து பார்க்காத நகலை நகல் என்றே சொல்லமாட்டாள்.

முப்பத்தொன்பதாவது வயதில் எவாரிஸ்தோவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள். திரைச்சீலை பெல்கிஸ் எடுத்தது. கொல்லையிலிருந்த எலுமிச்சை பெல்கிஸ் நட்டது. சோறு ஆக்கும் கனத்த அலுமினியச் சட்டி பெல்கிஸுடையது. அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் மொறுமொறுப்பான அடிச்சோற்றை, அந்தக் கொங்கோனைச் சுரண்டித் தின்னத்தான் எங்கள் வீடுகளில் சண்டையே நடக்கும். நுரிஸ் அந்தச் சட்டியில் எத்தனை முறை ஆக்கினாலும் கொங்கோன் பிடிக்கவில்லை. ஒன்று வெளுத்திருக்கும், இல்லை கருகியிருக்கும். "பெல்கிஸ் கைக்குத்தான் அது பழக்கம்," என்பாள் எதிர்வீட்டுக்காரி, ஆறுதலாகச் சொல்வதுபோல.

உயிரோடிருக்கும் எதிரியோடு போட்டி போடலாம். செத்தவளோடு எப்படிப் போடுவது? அவளுக்கு என்றும் முப்பத்துமூன்று வயது. நரைக்க மாட்டாள், சலிக்க மாட்டாள், எதிர்த்துப் பேச மாட்டாள்.

புதுப்பெண்ணாக வந்த மூன்றாவது மாதம் எவாரிஸ்தோவின் கிளவுட் கணக்கைத் தன் நகல் பட்டியலில் சேர்த்தபோது எல்லா ஃபோல்டருக்கும் முன்னால் டிக் இருந்தது. கடைப் பட்டியல், டிக். வரி, டிக். அனைரிஸ் பள்ளி, டிக். பெல்கிஸ், டிக். முதல் முழு நகல் ஓடி முடிந்தது. மறுநாள் அவள் பெல்கிஸ் முன்னாலிருந்த டிக்கை மட்டும் எடுத்துவிட்டாள். இனி அதற்கு நகல் ஓடாது.

'நான் எதையும் அழிக்கலையே' என்று அன்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டிக் இல்லாத ஃபோல்டரை ஒரு வருடம் கழித்து மென்பொருளே நகலிலிருந்து கழித்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

"எந்த அறையில வெச்சிருக்கே? எடு," என்றாள் ஃபியோர்.

அப்போது மின்விசிறி நின்றது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் "போச்சுடா!" என்ற சலிப்பு எழுந்தது. இன்வெர்ட்டர் பேட்டரி போன வாரமே படுத்துவிட்டது.

"கரண்ட் வந்தாத்தான் டிஸ்க் ஓடும்," என்றாள் நுரிஸ்.

"அப்ப உக்காந்திருப்போம்."

இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். புழுக்கம். ஃபியோர் ஒரு நோட்டால் விசிறிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? உங்கிட்ட இருந்த நகலை நீ அழிச்சிருப்பேன்னு எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு."

"நான் எதையும் அழிக்கல."

"அந்தச் சிரிப்பைக் கேட்டுட்டு வந்தப்ப உன் மூஞ்சியைப் பாத்தேன்."

"உனக்கென்ன தெரியும்?" நுரிஸுக்குப் பொங்கிவிட்டது. "நான் அந்தப் பொண்ணுக்கு நாலு வருஷமா தலை வாரறேன். காய்ச்சல்ல உக்காந்திருக்கேன். வயசுக்கு வந்தப்ப நான்தான் பக்கத்துல இருந்தேன். ஆனா சனிக்கிழமை எல்லாரும் யாரைப் பாத்து அழப்போறீங்க? திரையைப் பாத்துதானே!"

நுரிஸின் நெஞ்சுக்குள் ஒரு பாம்பு தலை தூக்கியது. 'நகல் இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி எவாரிஸ்தோ மேல் விழும், அவன்தான் அழித்தான். அந்தச் சிரிப்பு இனி இந்த வீட்டில் கேட்கவே கேட்காது.

அலமாரியின் அடியில் பழைய பிஸ்கட் டின்னில் ஒரு டிஸ்க் இருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். டிக் எடுப்பதற்கு முந்தைய நாளின் முழு நகல். டிஸ்க்கில் இடம் போதவில்லையென்று ஓரம் கட்டியது. தூக்கிப் போட அவளுக்குக் கை வந்ததில்லை. தொழில் பழக்கம்.

"வந்துடுச்சு!" என்று தெருவே கத்தியது. மின்விசிறி சுழன்றது. எங்கோ ஒரு கடையில் பாட்டு நட்டநடுவிலிருந்து தொடங்கியது.

"இங்கேயே இரு," என்று சொல்லிவிட்டு நுரிஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டின்னிலிருந்து எடுத்து மாட்டிய டிஸ்க் கரகரத்தது. இரண்டு முறை திரையில் தெரியாமல் போய் மூன்றாவது முறை தெரிந்தது. நாலு வருடத்துக்கு முந்தைய பெல்கிஸ் ஃபோல்டர். அதற்குள் 'அனைரிஸ் 15'. ஒரே ஒரு கோப்பு. கர்சர் அதன் மேல் நின்றது. அழிக்கும் பொத்தானும் பக்கத்திலேயே இருந்தது. ஒரு விரல் தூரம்.

அவள் திரும்ப எடுக்கும் பொத்தானை அழுத்தினாள். பட்டை பச்சையாக நிரம்பியது. இனி? திறந்து பார்க்காத நகல் நகலில்லை. சத்தியம் வாங்கினவள் பெல்கிஸ், ஆனால் பாதியில் உடைந்த கோப்பைச் சனிக்கிழமை நூறு பேர் முன்னால் போடமுடியுமா? நுரிஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

தலையில் துணி கட்டிய பெல்கிஸ். கன்னம் ஒட்டியிருந்தது. முதலில் மகளோடு பேசினாள், செருப்பைப் பற்றி, அப்பாவுக்கு அதன் கொக்கியை மாட்டத் தெரியாது என்பதைப் பற்றி. நுரிஸ் வேலையாகப் பார்த்தாள்: படம் உடைகிறதா, ஒலி விடுபடுகிறதா. ஐந்தாவது நிமிடத்தில் பெல்கிஸ் நேராகக் கண்ணுக்குள் பார்த்தாள்.

"உன் பக்கத்துல ஒருத்தி நின்னுட்டிருப்பா, செல்லம். உங்கப்பாவுக்குத் தனியா இருக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அவ யாரோ, பேரு என்னவோ. ஆனா இப்பவே எனக்கு அவ மேல பத்திக்கிட்டு வருது. காலைல உன் தலையை அவதான் வாரியிருப்பா. இன்னிக்கு அவ உன்னைத் தொட்டுப் பாக்கறா, நான் பாக்க முடியல. அம்மாவுக்குப் பொறாமைதான், மறைக்க மாட்டேன். அவகிட்ட சொல்லு, என் சட்டியில ஆக்கினா அவளுக்குக் கொங்கோனே பிடிக்கக் கூடாதுன்னு நான் சாபம் விட்டிருக்கேன்!"

சிரித்தாள். மூன்று துள்ளல். மூக்கிழுப்பு.

நுரிஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வெளியே வந்தது. எரிந்தது நாலு வருடமாக அவள் மட்டுமில்லை. அங்கே கட்டிலில் கிடந்த ஒருத்தி, பேர் தெரியாத தன்னை நினைத்து எரிந்திருக்கிறாள். பொறாமை போய்விடவில்லை. ஆனால் இப்போது அதை இரண்டு பேர் சுமந்தார்கள்.

கடைசிவரை பார்த்தாள். கோப்பு முழுசாக இருந்தது. ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கிடைச்சுடுச்சு. முழுசா இருக்கு. ஓட்டிப் பாத்துட்டேன்."

ஃபியோர் அதை வாங்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். "என் நாப்பது வீடியோ?"

எவாரிஸ்தோதான் அழித்தான் என்று நுரிஸ் சொன்னால் அது பொய்யாகாது.

"அது இல்ல ஃபியோர். இது நாலு வருஷத்துக்கு முந்தின நகல். நீ ஏத்தினது ரெண்டு வருஷம் முன்னாடி. அந்த ஃபோல்டரை நகல் எடுக்க வேண்டாம்னு நான்தான் டிக்கை எடுத்துட்டேன். கல்யாணமாகி மூணாவது மாசம். அவ சிரிப்பு எனக்குப் பொறுக்கல. அவரு செஞ்சது தெரியாத்தனம். நான் செஞ்சது தெரிஞ்சு."

ஃபியோர் கத்தவில்லை.

"கோபத்துல நீ ஒரு நாள் அழிச்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். நீ மாசாமாசம் அந்தப் பட்டியலைப் பாத்திருக்கே. மாசாமாசம் வேணும்னே விட்டிருக்கே."

"ஆமா."

"அத்தானுக்கு இது தெரியுமா?"

"இன்னிக்கு ராத்திரி நானே சொல்றேன்."

ஃபியோர் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கேயே நின்றாள். திரும்பி வந்து தன் போனை மேசைமேல் வைத்தாள்.

"இந்த ஒரு வீடியோவையாவது நகல் போடு."

"என்னை நம்பறியா?"

"உன்னை யாரு நம்பினா? உன் வேலையை நம்பறேன். மூணு இடத்துல போடு. என் கண்ணு முன்னாடி போடு."

நுரிஸ் லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். பட்டியலில் பெல்கிஸ் என்ற பேருக்கு முன்னால் டிக்கைப் போட்டாள். மேகத்தில் ஒன்று, டிஸ்க்கில் ஒன்று, நோட்டரி அலுவலகத்துப் பெட்டிக்கு அனுப்ப ஒன்று. பிறகு ஒவ்வொன்றையும் திறந்தாள். அந்த வீட்டில் பெல்கிஸ் மூன்று முறை சிரித்தாள். மூன்றாவது முறையும் நுரிஸுக்குக் குத்தியது. ஆனாலும் மூக்கிழுப்புவரை கேட்டுவிட்டுத்தான் மூடினாள்.

"சனிக்கிழமை வருவேதானே?" என்று கேட்டாள்.

"என் அக்கா பொண்ணு விழா, நான் வராம? உன் பக்கத்து நாற்காலியில உக்கார மாட்டேன், அவ்வளவுதான்."

ஃபியோர் போனைப் பைக்குள் போட்டாள், பென் டிரைவ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள், படியிறங்கினாள். கதவை அவளே இழுத்துச் சாத்தினாள்.