கொதிக்க வைத்த கல்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், அறுவை சிகிச்சைக்கான கத்தி, கத்தரிகளைக் கழுவிக் கொதிநீராவியில் வைத்து எடுப்பதுதான் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. அங்கே அவர் பெயர் பளிச்சு. அவர் கழுவிய தட்டைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் என்று நர்சுகள் கேலி செய்வார்கள். கேலி என்றே அவருக்குத் தோன்றாது, பெருமையாக இருக்கும்.

மனைவிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அந்தக் கீழ்த்தளத்தையே வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். கிருமி தொற்றினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வீட்டுக்குள் ஈ காக்கை நுழைந்ததில்லை. மனைவியின் ஒரே தங்கை வாராவாரம் இரண்டு பஸ் மாறி வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போவாள். எப்போதோ ஒரு தும்மல் போட்டாள், பாவம். அதற்கு ஒரு வருடத் தண்டனை.

பிறகு ஒருநாள் அதே டாக்டர், இனி சிகிச்சையால் பலன் இல்லை, வேண்டியவர்கள் எல்லாம் வந்து பார்க்கட்டும் என்றார். முதல் பாதியிலேயே மனிதருக்குக் காது அடைத்துவிட்டது. இரண்டாம் பாதி உள்ளே இறங்கவே இல்லை.

மனைவி கேட்டது இரண்டே இரண்டு. தங்கை பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். மருத்துவமனை வரவேற்பறையில் இருந்தது போல, பவளம் வைத்த கடல்நீர்த் தொட்டி ஒன்று கண்ணெதிரே இருக்க வேண்டும். முதலாவதற்கு, "உடம்பு கொஞ்சம் தேறட்டும்" என்றார். இரண்டாவதற்கு மறுநாளே கிளம்பிவிட்டார்.

புதுத் தொட்டித் தண்ணீர் பவளம் வாழப் பழகவே ஒன்றரை மாதம் ஆகும் என்றார் மீன்தொட்டிக் கடைக்காரர். அவ்வளவு நாள் எங்களிடம் இல்லை என்று இவர் சொன்னதும், தன் தொட்டியில் வருடக்கணக்காக ஊறிய கல் ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். அதோடு, கற்றுக்குட்டிகள் கையிலும் பிழைத்துக்கொள்ளும் பொத்தான் பவளம் ஒரு கொத்து, காளான் பவளம் ஒன்று. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பில்லாத சுத்தத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். வெளிச்சத்தை நாளுக்கு நாள் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பவளத்தை வைத்த இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கல்லைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டில் துணியைப் பிரித்தால், கல் முழுக்கப் பழுப்புப் பாசி, வழவழப்பு, போதாக்குறைக்கு ஒரு புழு. அவருக்கு மனசு கேட்குமா? பெரிய பாத்திரத்தில் போட்டு இருபது நிமிடம் கொதிக்க வைத்து, பிரஷ்ஷால் தேய்தேய் என்று தேய்த்துவிட்டுத்தான் தொட்டியில் இறக்கினார். கல் பளிச்சென்று இருந்தது.

நான்காம் நாள் தண்ணீர் கலங்கியது. ஆறாம் நாள் காளான் பவளம் கூழாகிக் கரைந்தது. பொத்தான்கள் ஒன்றுவிடாமல் மூடிக்கொண்டன. தினமும் தண்ணீரை மாற்றிப் பார்த்தும் பயனில்லாமல், மறுபடியும் கடைக்கு ஓடினார்.

"கல்ல என்ன பண்ணீங்க?" என்றார் கடைக்காரர். இவர் சொன்னார்.

"நீங்க அழுக்குன்னு நெனச்சதுதாங்க அந்தத் தொட்டிக்கு உயிரே. அதைக் கொன்னுட்டு தண்ணிய மாத்தி என்ன பிரயோசனம்?"

வேறொரு கல் கொடுத்து, கழுவாமல் போடும்படி இரண்டு தடவை சொன்னார். பாசியும் சகதியுமாக அதை அப்படியே தொட்டியில் இறக்கினார். அன்று இரவு இரண்டு முறை எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டார்.

இரண்டாவது கல் இறங்கிய ஒன்பதாம் நாள் காலை பொத்தான்கள் விரிந்தன. முதலில் ஒன்று, மதியத்துக்குள் ஏழு. பச்சை நடுவும் ஆரஞ்சு ஓரமுமாக. மனைவி தலையணையில் சாய்ந்தபடி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, தங்கச்சிய வரச்சொல்லுங்க. எம் பக்கத்துல உக்காந்து அவளும் இதைப் பாக்கட்டும்."

டாக்டர் சொன்னதன் இரண்டாம் பாதி அப்போதுதான் அவருக்குள் இறங்கியது. வரச்சொல்கிறேன் என்றார்.

"இன்னைக்கே சொல்லுங்களேன்."

"வீட்ட ஒரு தடவ தொடச்சிடறேம்மா. நாளைக்கு வரட்டும்."

திரைச்சீலைகளைத் துவைத்தார். கட்டிலுக்கு அடியில் நுழைந்து துடைத்தார். தங்கை உட்காரப்போகும் நாற்காலியைக் கால்வரை கழுவிக் காயவைத்தார். தொட்டி விளக்கு அணையும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்த மனைவி, பிறகு தூங்கினாள். விடிந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

தங்கைக்குப் போன் செய்தார். வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுக் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். தொட்டியில் விளக்கு தானாக எரிந்தது. பொத்தான்கள் விரிந்துகொண்டிருந்தன.

கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்து அவள் வந்துவிட்டாள். ஓடி வந்தவள் வாசலில் அப்படியே நின்றாள். அக்காவின் கட்டில் அங்கிருந்தே தெரிந்தது. ஆனாலும் நிலையைத் தாண்டிக் கால் வைக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அத்தான், உள்ள வரலாமா?"